தேசப்படமும் மக்கள் சாட்சியமும்

மனிதன் எழுதக் கற்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே இடமறியக் கற்றுக்கொண்டான். எந்த மேட்டில் வெள்ளம் ஏறாது, எந்தப் பள்ளத்திற் கோடையிலும் நீர் ஊறும், எந்தக் காட்டில் எப்பருவத்திற் கிழங்கெடுக்கலாம், கடலில் எந்த இடத்தில் வலை கிழியும் என்பன அவன் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத அறிவாயின. அது தனியொருவர் தேடிய பொருளன்று. தலைமுறை தலைமுறையாகப் பலர் உழைத்தும், பசித்தும், சில வேளை உயிரிழந்தும் ஈட்டிய பொதுச்சொத்து அது. இடப்பெயர்களில் அது தங்கியிருக்கிறது. முதியோர் பேச்சிலும் பிள்ளைகளின் கால்நடையிலும் அது வாழ்கிறது.

இவ்வறிவைப் படமாக்குவது கற்றோர்க்கு மட்டுமே கைவந்த கலை என எண்ணுதலும் பொருந்தாது. 1884, 1885 ஆம் ஆண்டுகளில் டென்மார்க்குக் கடற்படை அதிகாரியான குஸ்தாவ் ஹோம் கிறீன்லாந்தின் கிழக்குக் கரைக்குச் சென்றபோது, அவ்வூர் மக்களுள் ஒருவரான குனிட் என்பவர் தமது கரையோரத்தின் வளைவுகளையும் எதிரேயுள்ள தீவுகளையும் மரத்துண்டுகளிற் செதுக்கிக் கொடுத்தார். பசிபிக் சமுத்திரத்து மார்சல் தீவினர் குச்சிகளைப் பிணைத்து அலைகள் மோதித் திரும்பும் திசைகளையும், சிப்பிகளைக் கட்டித் தீவுகளின் நிலைகளையும் குறித்துவைத்தனர்.

ஆகவே மக்களுக்குத் தேசப்படம் விளங்காது என்பது பிரச்சினையன்று. மக்கள் அறிந்ததை வேறொருவர் கேட்டறிந்து, கடதாசியிலிட்டு, தம் அலுவலகத்துக்குக் கொண்டு செல்லும்போது அவ்வறிவு யாருடையதாகின்றது என்பதே பிரச்சினை. இன்று அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் ஊர்மக்களை ஒன்றுகூட்டி, அவர்களைக் கொண்டே அவர்களது நிலத்தையும் நீரையும் படமாக வரைவிக்கின்றன. ‘மக்கள் பங்குகொள்ளும் படவரைவு’ என இது போற்றப்படுகின்றது. முற்போக்கு எண்ணமுடையோர் இதனை வரவேற்பது இயல்பே. எனினும், பங்குகொள்ளுதல் என்ற ஒரு சொல்லால் நீதி நிறைவேறிவிடுகின்றதா என நாம் கேட்டாகவேண்டும்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். ஊர்மக்களின் அறிவைத் திரட்டுதல் நேற்றுத் தோன்றிய முறையன்று. பேரரசுகள் அதனை நன்கு அறிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் திபெத்தினுட் புக முடியாதிருந்த காலத்தில், இந்திய நில அளவைப் பகுதி இமயமலைச் சாரல் மக்களைப் பயிற்றி அனுப்பியது. குமாவுன் மலைநாட்டினரான நயின் சிங் 1865 இற் புறப்பட்டு மறு ஆண்டு லாசாவை அடைந்தார். நூற்றெட்டு மணிகளுக்குப் பதிலாக நூறு மணிகள் கோத்த செபமாலையால் தமது காலடிகளை எண்ணி, குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மறைத்து அவர் வழியை அளந்தார். 1877 இல் லண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அவரது திறமையையும் துணிவையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவர் எண்ணிய காலடிகள் யாருடைய களஞ்சியத்திற் சேர்ந்தன? நாற்பது ஆண்டுகள் கழியுமுன், 1904 இல், பிரித்தானியப் படை லாசாவினுட் புகுந்தது. படை சென்ற வழி வேறு. திபெத்தைப் பற்றித் திரட்டப்பட்ட அறிவெல்லாம் குவிந்துகிடந்த அரசு ஒன்றேயாகும்.

பேரரசு எடுத்துக்கொண்ட அறிவு ஒருபுறமிருக்க, அது காண மறுத்த அறிவு இன்னொருபுறம் இருக்கின்றது. இதற்கு நம் நாடே சான்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பும் பயிரும் அற்றதாகவும் உள்ள காணிகள் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. கண்டி மாகாணங்களிற் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்பட்டு வந்த சேனை நிலங்களும் இவ்வகையுள் அடக்கப்பட்டன. கிராமத்தவனுக்கு அந்நிலம் தரிசன்று. மண் தன் வளத்தை மீட்கும்வரை ஓய்ந்திருக்கும் நிலம். விறகும் மூலிகையும் மாட்டுக்கு மேய்ச்சலும் தரும் நிலம். அவன் கையில் உறுதி இல்லை. அளவையாளரின் படத்தில் அவன் பாதையும் இல்லை. படத்திலே வெற்றிடமாக இருந்தது சட்டத்திலே உடையவரற்ற நிலமாயிற்று. உடையவரற்ற நிலம் சந்தையிலே தோட்டத்துரைமாரின் நிலமாயிற்று. வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாமையைக் குறிக்கவில்லை. ஒன்றைப் பார்க்க மறுத்ததையே குறிக்கின்றது.

இந்த வெற்றிடத்தை மக்கள் தாமே நிரப்ப முற்பட்டபொழுதுதான் படவரைவின் வரலாற்றிற் புதிய அத்தியாயம் தொடங்கிற்று. கனடாவின் வடபுலத்து இனுயிட் மக்கள் மேற்கொண்ட முயற்சி இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1973 இற் கனடாவின் உச்ச நீதிமன்றம் நிஸ்கா மக்களின் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஆதிக்குடிகளின் நிலவுரிமை பற்றிப் பேசியே தீரவேண்டிய நிலைக்கு அரசாங்கத்தைத் தள்ளியது. இனுயிட் மக்களின் அமைப்பு தம் மக்களின் நிலப் பயன்பாட்டை ஆவணப்படுத்த முனைந்தது. மில்ரன் பிறீமன் என்னும் ஆய்வாளரின் தலைமையில் ஊர்தோறும் வேட்டைக்காரரைச் சந்தித்து, வெவ்வேறு காலங்களில் எங்கெங்கே கலைமான் வேட்டையாடினர், எங்கே கடல்நாய் பிடித்தனர், எங்கே மீன் பெற்றனர், எங்கே பாசறையிட்டனர் என்பவற்றை அவர்கள் கையாலேயே படத்திற் குறிக்கச் செய்தனர். ஒருவரின் வாழ்க்கை வரலாறே ஒரு தேசப்படமாயிற்று. அத்தகைய நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கியபோது, பனிப்பாலைவனம் எனத் தெற்கிலிருந்தோர் எண்ணிய பெருநிலம் பாதைகளாலும் பெயர்களாலும் நினைவுகளாலும் நிறைந்திருந்தமை புலப்பட்டது. 1976 இல் அவ்வாய்வு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின் 1993 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1999 ஏப்ரல் 1 இல் நுனவுட் என்னும் தனி ஆட்சிப்புலம் உதயமாயிற்று.

இதனை முழு வெற்றியெனக் கொண்டாடுவதற்கும் இல்லை. ஏறத்தாழ 350,000 சதுர கிலோமீற்றர் நிலம் இனுயிட் மக்களுக்கு உரித்தாயிற்று. அதிற் பத்திலொரு பங்களவுக்கே கனிவள உரிமையும் சேர்ந்து கிடைத்தது. எஞ்சிய பெரும்பரப்பில் தமது பூர்வீக உரித்தை அவர்கள் கைவிடவேண்டியதாயிற்று. ஆயினும் ஓர் உண்மை இங்கே தெளிவாகின்றது. அவர்கள் படம் வரைந்தது பிறருடைய ஆர்வத்தைத் தணிப்பதற்காக அன்று. தமது கோரிக்கையொன்றை நிறுவுவதற்காகவே வரைந்தனர். கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது.

படம் மக்கள் கைக்கு வருதலை அதிகாரம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை மலேசியாவின் சரவாக் மாநிலத்திற் காணலாம். அங்கு இபான் மக்கள் ஒரு நீள்வீட்டின் ஆட்சிக்குட்பட்ட ஊரெல்லையைப் ‘பெமாக்காய் மெனோவா’ என்பர். பயிரிட்டு ஓயவிட்ட நிலத்தைத் ‘தெமுடா’ என்பர். பொதுத் தேவைக்கெனக் காத்துவைத்த காட்டைப் ‘புலாவ்’ என்பர். ருமா நோர் என்னும் நீள்வீட்டார், கடதாசிக் கூழுக்கான மரத்தோட்டம் வளர்க்க வந்த கம்பனியை எதிர்த்து வழக்காடியபோது, தாமே வரைந்த ஊர்ப்படத்தை நீதிமன்றிற் சமர்ப்பித்தனர். 2001 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அப்படத்தைச் சான்றாக ஏற்று அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டசபை, அரச அங்கீகாரம் பெற்ற அளவையாளரல்லாதோர் இவ்வாறு காணிப்படம் வரைவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. பின்னர் 2005 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பிணக்கிற்குரிய நிலத்தில் அவர்களது உரிமை போதிய அளவு நிறுவப்படவில்லை எனக் கூறித் தீர்ப்பை மாற்றியது. வழமையுரிமை என்னும் கோட்பாட்டை அது மறுக்கவில்லை. எழுதுகோலைப் பிடிக்கும் உரிமைக்கே அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று ஓர் அரசு சட்டமியற்றுமாயின், அவ்வெழுதுகோலின் வலிமையை அது நன்குணர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து, மக்கள் பங்குகொண்டு வரையும் படமெல்லாம் மக்கள் படமே என்று ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு அவசரமானது. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்து மலைக்கிராமங்களில் நிகழ்ந்தது நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது.

1992 இல் மெக்சிக்கோ தனது அரசியலமைப்பைத் திருத்திக் கிராமப் பொதுநிலங்கள் தனியுடைமையாக மாறுவதற்கு வழி திறந்தது. அதன் விளைவுகளை ஆராயும் பொருட்டு அமெரிக்கப் புவியியலாளர் சிலர் 2005 அளவில் ஓர் ஆய்வுத்திட்டத்தைத் தொடங்கினர். சப்போட்டெக் மக்களின் கிராமங்களில், அக்கிராமத்தவரே பங்குகொள்ள, இடப்பெயர்களும் நிலப்பயன்பாடும் படமாக்கப்பட்டன. இத்திட்டத்துக்கு நிதியளித்தோருள் ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் வெளிநாட்டு இராணுவ ஆய்வு அலுவலகமும் ஒன்று. 2009 ஜனவரியில் அப்பகுதியின் மக்கள் அமைப்பொன்று இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தது. சான் மிகுவேல் தில்தெப்பெக் கிராமத்தவரும், நிதியின் மூலத்தைத் தாம் உரியவாறு அறியவில்லை என்று கூறித் தமது எதிர்ப்பை வெளியிட்டனர். ஆய்வாளர் இக்குற்றச்சாட்டை மறுத்தனர். தாம் எதையும் மறைக்கவில்லை என்றும், படங்களாற் கிராமங்களே பயன்பெற்றன என்றும் வாதிட்டனர்.

இருதரப்பினரின் நேர்மையை எடைபோடுதல் நமது நோக்கமன்று. ஆய்வாளர் நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஊர்மக்கள் கூட்டத்துக்கு வந்தனர். ஓடையின் பெயரைச் சொன்னார்கள். மலையேறி வழி காட்டினார்கள். பங்குகொள்ளுதல் என்ற சொல்லுக்கு இவற்றைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் படம் எதற்காக வேண்டப்பட்டது என்பதை முதலில் தீர்மானித்தவர் அவர்களல்லர். முடிவிற் படத்தின் பிரதி எங்கெங்கே செல்லும் என்பதைத் தீர்மானிப்போரும் அவர்களல்லர். தொடக்கமும் முடிவும் பிறர் கையில் இருக்க, நடுவிலே மட்டும் மக்கள் பங்குகொண்டனர். உழைப்பிற் பங்கு, உடைமையிற் பங்கில்லை. இவ்வகைப் பங்கு நமக்குப் புதியதன்று. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நாம் நன்கறிந்தது.

இங்கேதான் பிரச்சினையின் ஒழுக்க அடிப்படையை நாம் அணுகுகின்றோம். மக்களிடமிருந்து பெறும் இடவறிவை இருவகையாகக் கருதலாம். ஒன்று, மூலப்பொருளாகக் கருதுதல். குடியேற்ற நாட்டிலிருந்து தேயிலையும் இறப்பரும் ஏற்றப்பட்டு வேறெங்கோ பெறுமதி பெற்றதுபோல, அறிவும் கிராமத்திலிருந்து ஏற்றப்பட்டு வேறெங்கோ ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் திட்ட அறிக்கையாகவும் பெறுமதி பெறுகின்றது. கொடுத்தவனுக்கும் கொடுத்த பொருளுக்கும் உள்ள உறவு கப்பல் புறப்பட்டவுடன் அறுந்துவிடுகின்றது. மற்றொன்று, சாட்சியமாகக் கருதுதல். சாட்சி கூறுபவன் தன் சொல்லை விற்றுவிடுவதில்லை. எவ்வழக்கிற் சாட்சி சொல்கிறான் என்பதை அறிந்தே சொல்கிறான். எழுதப்பட்டதைத் தனக்கு வாசித்துக் காட்டும்படி கேட்கலாம், பிழையைத் திருத்தலாம், தன் சொல் திரிக்கப்பட்டால் எழுந்து நின்று மறுக்கலாம். அச்சொல் ஏட்டில் ஏறிய பின்னும் அவன் சொல்லாகவே இருக்கின்றது.

மக்களின் இடவறிவு மூலப்பொருளன்று, சாட்சியமே என்பது நமது துணிபு. சட்டவுலகமும் தயங்கித் தயங்கி இத்திசையில் நகர்ந்திருக்கின்றது. கனடாவின் கிற்சான், வெற்சுவெற்றன் மக்களின் வாய்மொழி மரபை 1991 இற் கீழ்நீதிமன்றம் போதிய சான்றாகக் கொள்ளவில்லை. 1997 இல் உச்ச நீதிமன்றம் அதற்குரிய மதிப்பை அளித்தே ஆகவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2007 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனம், முன்கூட்டியே அறிந்து சுதந்திரமாக அளிக்கும் சம்மதத்தை வலியுறுத்துகின்றது. சம்மதிக்கும் உரிமை மறுக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. மறுக்க முடியாதவனின் சம்மதம் சம்மதமாகாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். அறிவு ஒவ்வோர் ஊரிலும் பூட்டிவைக்கப்பட்டால் பொதுநலம் என்னாவது? வெள்ளத்தைத் தடுக்கவும், நோயை அறியவும், பாசனத்தைத் திட்டமிடவும் நாட்டுக்குப் படங்கள் தேவையல்லவா? தேவைதான். விஞ்ஞானத்துக்கு நாம் பகைவரல்லர். விஞ்ஞானமும் மக்களறிவும் கைகோக்கக்கூடும் என்பதற்குக் கேரளம் சான்று பகர்கின்றது. 1962 இல் நிறுவப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிசத்து என்னும் மக்கள் விஞ்ஞான இயக்கம், 1990 ஐயொட்டிய ஆண்டுகளில் திருவனந்தபுரத்துப் புவியியல் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, பஞ்சாயத்துகளின் வளங்களைப் படமாக்கும் பணியில் இறங்கியது. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி அவற்றுள் ஒன்று. ஊர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்று, காணிப்படத்தைக் கையிலேந்தி, துண்டு துண்டாக நிலத்தை நடந்து பார்த்து, பயிரையும் நீரையும் மண்ணையும் குறித்தனர். விஞ்ஞானிகள் அதனோடு தமது ஆய்வைப் பொருத்தினர். பின்னர் 1996 இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 வரையான பங்கைச் செலவிடும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றப்பட்டது. படம் வரைந்த ஊருக்கே படத்தைப் பயன்படுத்தித் தீர்மானிக்கும் அதிகாரமும் வரவேண்டும் என்பதே இதன் பாடம். அறிவைப் பகிர்வதை நாம் எதிர்க்கவில்லை. அறிவு மட்டும் மேலே சென்று, அதிகாரம் கீழே வராதிருப்பதையே எதிர்க்கின்றோம்.

இனி, ‘மக்கள்’ என்ற சொல்லையும் நாம் ஆராயாமல் விடுதல் கூடாது. ஊர் என்பது ஒருமித்த பொருளன்று. ஊரைக் கூட்டிப் படம் வரையுங்கள் என்றால் முதலில் எழுதுகோலை எடுப்பவர் யார்? பெரும்பாலும் நிலமுடையவர், படித்தவர், ஆண். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றை எண்ணிப் பார்ப்போம். எல்லாக் கிணற்றிலும் நீரள்ள உரிமையிருந்தவர் வரையும் படத்தில் கிணறுகள் வெறும் புள்ளிகளே. ஒடுக்கப்பட்டவர் வரைந்திருப்பின், எக்கிணற்றுக்கட்டில் ஏறலாகாது, எவ்வீதியாற் செல்லலாகாது, எக்கோயில் வாசலோடு நிற்கவேண்டும் என்பனவெல்லாம் அதிற் பதிந்திருக்கும். ஒரே ஊர், இரு தேசப்படங்கள். 1966 இன் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த போராட்டங்கள் ஒருவகையில் அவ்விரண்டாம் படத்தை மாற்றி வரைய எழுந்த போராட்டங்களே. அவ்வாறே பெண்ணொருத்தி விறகுக்கும் நீருக்கும் நடக்கும் தூரம் ஆண் வரையும் படத்தில் இடம்பெறுவதில்லை. முதலாம் படத்தை மட்டும் பெற்றுக்கொண்டு ‘ஊர் பேசிவிட்டது’ என்று எழுதும் ஆய்வாளர், பழைய ஆதிக்கத்துக்குப் புதிய முத்திரை குத்துகின்றார்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. மக்களின் நிலவுணர்வு பெரும்பாலும் கோடாக இருப்பதில்லை. ஒருவர் மேயவிட்ட இடத்தில் மறுபருவத்தில் அயலவர் தேனெடுப்பர். கடதாசி இதனைத் தாங்காது. அது ஒரு கோட்டைக் கேட்கின்றது. கோடு விழுந்ததும் அயலவர் எதிராளியாகின்றார். நுனவுட்டின் எல்லை வகுக்கப்பட்டபோதும், இனுயிட் மக்களும் டெனே மக்களும் ஒருங்கே பயன்படுத்திய நிலம் பற்றிப் பிணக்கு எழுந்தது. ஆனால் வேறு வழியும் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் பெரும் மணற்பாலைவனத்து மக்கள் 1997 இல், எட்டு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமுமுடைய ஒரே துணியிலே, ஒவ்வொருவரும் தத்தமக்குரிய நீரூற்றையும் சுற்றுப்புறத்தையும் தம் மரபுப்படி தீட்டினர். நிலவுரிமை விசாரணை மன்றத்தின் முன் அத்துணியை விரித்து, தத்தம் பகுதியின்மேல் நின்று சாட்சி கூறினர். நங்குரரா எனப் பெயர்பெற்ற அவ்வோவியம் சான்றாயிற்று. 2007 இல் அவர்களது உரித்து ஏற்கப்பட்டது. தமக்குரியதையன்றிப் பிறருக்குரியதைத் தீட்ட எவரும் முற்படவில்லை என்பது இங்கு கவனிக்கற்பாலது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், மக்கள் படத்துக்கு மூன்று இலக்கணங்கள் தேறும். முதலாவது, படம் எதற்கென்று தீர்மானிப்போர் மக்களாதல் வேண்டும். இரண்டாவது, படம் மக்கள் கையில் இருத்தல் வேண்டும். பிரதி எவரிடம் செல்லலாம் என்பது அவர்கள் தீர்ப்பாதல் வேண்டும். மூன்றாவது, வரையாது விடும் உரிமை வேண்டும். மூலிகை விளையும் சோலையை, முன்னோர் துயிலும் இடத்தை, ஆபத்திற் பதுங்கும் குகையை அந்நியர் அறியவேண்டியதில்லை என ஒரு சமூகம் எண்ணுமாயின், அங்கே படம் வெறுமையாகவே இருக்கட்டும்.

வெற்றிடத்தை நாம் முன்னர்க் கண்டித்தோம்; இப்பொழுது காக்கின்றோம். இது முரணன்று. 1840 இன் வெற்றிடம் பிறர் சுமத்தியது. இவ்வெற்றிடம் தாமே தெரிந்துகொண்டது. முன்னையது ‘இங்கே எவருமில்லை’ என்றது. பின்னையது ‘இங்கே நாம் இருக்கின்றோம், கேட்டுவிட்டு வா’ என்கின்றது. விண்ணிலிருந்து ஒவ்வொரு கூரையையும் படம்பிடிக்கும் இக்காலத்தில் இவ்வேறுபாடு மேலும் முக்கியமாகின்றது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்குக் கூரை தெரியும். கூரையின் கீழ் வாழ்பவரின் உரிமை தெரியாது. மரம் தெரியும், அம்மரத்தை நட்டவரின் பெயர் தெரியாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே கடமையுண்டு. பாடசாலைகளில் உலகப் படத்தை வரையக் கற்பிக்கின்றோம். தம்மூரின் நீரோடும் வழியைக் கேட்டறிந்து வரையவும் கற்பிக்கலாம். அவ்வாறு கற்பிக்கும்போது, முதியவர் ஒருவரிடம் இடப்பெயரொன்றைக் கேட்குமுன் அது எதற்கென்று அவருக்குச் சொல்லவும், வரைந்ததை அவரிடம் மீண்டும் காட்டவும், அவர் ‘இதை எழுதாதே’ என்றால் அழிப்பானை எடுக்கவும் மாணவருக்குப் பழக்கவேண்டும். ஊரின் ஒதுக்குப்புறத்தில் வாழ்வோரிடமே முதலிற் செல்லவும் பழக்கவேண்டும். அளவுகோலைப் பிடிக்கக் கற்பது எளிது. யாருக்காக அளக்கின்றோம் என்று கேட்கப் பழகுவதே கல்வி.